ஃபேன்டசி: ஒரு சொல், இரண்டு பொருள்

குரோவேசியாவில் பிறந்த டைனா ஓ. புசிச் இயக்கிய முதல் முழுநீளப் படமான ‘டியூஸ்டே’ 2023இல் டெல்லுரைடு திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. தீரா நோயுற்ற பதினைந்து வயது மகளின் சாவை ஏற்க மறுக்கும் தாயின் கதை அது. அந்தப் படத்தை எல்லோரும் ‘ஃபேன்டசி’ என்றே அழைக்கிறார்கள். நாமும் ஃபேன்டசி, ஃபேண்டஸி, பேன்டசி எனப் பலவாறாக எழுதிவிட்டு, அதற்குத் தமிழ்ச் சொல் எதுவென்று கேட்டால் தயங்கி நிற்கிறோம். இத்தகைய படத்தைத் தமிழில் பேசுவதற்கேனும் இச்சொல்லின் வேரைத் தெரிந்துகொள்வது நல்லது.

கிரேக்கத்தில் ‘ஃபாய்னெய்ன்’ என்றால் காட்டுதல், வெளிச்சத்துக்குக் கொண்டுவருதல் என்று பொருள். அதன் வழியே கண்ணுக்குப் புலப்படச் செய்தல் என்னும் வினையும், அவ்வினையிலிருந்து மனத்துக்குள் தோன்றும் உருவைக் குறிக்கும் ‘ஃபன்டாசியா’ என்னும் பெயரும் பிறந்தன. ஆன்மாவைப் பற்றிய தம் நூலில் அரிஸ்டாட்டில், ஒளியில்லாமல் எதையும் காண முடியாது என்பதால் ஒளியைக் குறிக்கும் ‘ஃபாஓஸ்’ என்ற சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது என்கிறார். வடமொழியில் ஒளிர்தலைக் குறிக்கும் ‘பா’ என்னும் வேரும், அதிலிருந்து வந்த பானு, பாஸ்கரன், பிரபை ஆகிய சொற்களும் இதே மூலத்தைச் சேர்ந்தவை என்பது மொழியியலாளர் கருத்து. கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சுக்கும், அங்கிருந்து 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கும் சென்றது. அங்கே அதன் உடல் சுருங்கி ‘ஃபேன்சி’ என்னும் இன்னொரு சொல்லும் உண்டாயிற்று. வளையலும் ரிப்பனும் விற்கும் நம் ஊர் ஃபேன்சி ஸ்டோரின் பெயர்ப்பலகையில் இருப்பது அந்தக் குறுகிய வடிவம்தான். ஒரு கதைவகையின் பெயராக ஃபேன்டசி நிலைபெற்றதோ 20ஆம் நூற்றாண்டில்.

ஆகவே இச்சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. பழையது, மனத்தில் இருப்பது கண்முன் தோன்றுதல். புதியது, உலகில் இல்லாததை உள்ளதாக வைத்துக் கதை கட்டுதல். பகற்கனவு என்னும் உளவியல் பொருளும் உண்டு. அதற்கு நம்மிடம் மனக்கோட்டை என்ற அழகான சொல் ஏற்கெனவே இருப்பதால் அதை இங்கே விட்டுவிடலாம்.

பழைய பொருளுக்குத் தமிழில் சொல் தேட வேண்டியதே இல்லை. இடைவிடாமல் ஒருவரை நினைப்பதால் அவர் எதிரே நிற்பது போலக் காணப்படுவதை ‘உருவெளிப்பாடு’ அல்லது ‘உருவெளித் தோற்றம்’ என்று நம் இலக்கிய மரபு குறிக்கிறது. கம்பராமாயணத்தின் மாரீசன் வதைப் படலத்தில், சீதையை நினைந்து தவிக்கும் இராவணன் தன் எதிரே ஓர் உருவத்தைக் காண்கிறான். அவள்தானா என்று உறுதி செய்துகொள்வதற்காகச் சூர்ப்பணகையை அழைத்துக் கேட்கிறான். அவளோ, வந்திருப்பவன் இராமன் என்கிறாள். ஒரே இடத்தில் இருவர் கண்ணுக்கு இரண்டு உருக்கள் தெரிகின்றன. அரிஸ்டாட்டில் பேசிய ஃபன்டாசியாவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

ஆனால் ‘டியூஸ்டே’யில் நடப்பது உருவெளிப்பாடு ஆகாது. அதில் மரணம் ஒரு பஞ்சவர்ணக்கிளியாக வருகிறது. அழுக்கேறிய சிறகுகளோடு, சாகும் உயிர்கள் அனைத்தின் குரலையும் ஓயாமல் கேட்டுக்கொண்டு, வேண்டும்போது பெரிதாகியும் சிறிதாகியும் அலையும் அந்தக் கிளியை மகள் முதலில் காண்கிறாள். ஒரு வேடிக்கைக் கதை சொல்லி அமைதிப்படுத்தி, குளிப்பாட்டியும் விடுகிறாள். பிறகு தாய் சோராவும் அதே கிளியைத்தான் காண்கிறாள். மகளைக் காப்பதற்காக அதை அடித்து, எரித்து, இறுதியில் விழுங்கியே விடுகிறாள். அதனால் உலகில் எவரும் எதுவும் சாக முடியாமல் வேதனையில் கிடக்க நேர்கிறது. சாவைத் தனக்குள் வைத்துக்கொண்ட தாயே வீடுவீடாகச் சென்று உயிர்களுக்கு விடுதலை தர வேண்டியவளாகிறாள், மகளையும் உடன் அழைத்துக்கொண்டு. கிளி ஒருத்தியின் மனமயக்கமாக மட்டும் இருந்திருந்தால், அதை விழுங்கியதால் உலகம் மாறியிருக்காது. தோன்றியது எல்லோருக்கும் பொதுவான உலகத்தில் விளைவை உண்டாக்குகிறது என்பதே கதைவகையாகிய ஃபேன்டசியின் இலக்கணம்; இதற்குத்தான் தனிச் சொல் தேவைப்படுகிறது.

வழங்கிவரும் சொற்களில் ‘மாயாஜாலம்’ நெடுங்காலம் நிலைத்தது. விட்டலாச்சார்யாவின் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு சொல் தேவைப்படவுமில்லை. எனினும் ஜாலம் என்பது வலை. பார்ப்பவரைச் சிக்கவைக்கும் வித்தையையே அச்சொல் குறிக்கிறது. சாகப்போகும் பெண்ணின் படுக்கையருகே அதை உச்சரிக்க எனக்கு மனம் வரவில்லை. விக்கிப்பீடியாவில் வழங்கும் ‘கனவுருப்புனைவு’ உருவையும் புனைவையும் சேர்த்தது அருமை; ஆனால் கனவு விழித்தால் கலைந்துபோவது, சோராவின் இழப்போ கலையாதது. ‘மிகைப்புனைவு’ என்று எழுதுவோரும் உளர். ‘மிகைபடக் கூறல்’ என்பதை நன்னூல் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக எண்ணியிருக்க, ஒரு கலைவகைக்கு அந்தச் சொல்லைச் சூட்டுவது பிறக்கும்போதே அதைக் குற்றவாளியாக்குவதாகும். ‘மிகுபுனைவு’ அப்படியன்று. மிகுபுகழ், மிகுதிறல் என்பவற்றில் போல இங்கும் மிகு என்பது எல்லை கடந்து வளர்ந்ததைக் குறிக்கிறது. புனைதல் என்பதோ மாலை தொடுப்பதற்கும் அணி பூணுவதற்கும் ஓவியம் தீட்டுவதற்கும் ஒருங்கே வழங்கிய சொல். தொல்காப்பியத்தின் ‘நாடக வழக்கு’ என்னும் தொடருக்கு நச்சினார்க்கினியர் தந்த பொருளும் புனைந்துரை என்பதே.

சொல் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில், மாலதி ஊட்டிய பால் விக்கி அவளுடைய மாற்றாளின் குழந்தை இறந்துவிடுகிறது. இறந்த குழவியோடு அவள் கோட்டந்தோறும் சென்று பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வத்தின் முன் வரம் வேண்டிப் பாடு கிடக்க, இளம்பெண் வடிவில் வந்த இடாகினிப்பேய் பிணத்தை வாங்கி விழுங்கிவிடுகிறது. இடியோசை கேட்ட மயில்போல் அவள் ஏங்கி அழ, ‘அஞ்ஞைநீ ஏங்கி அழல்’ என்று சொல்லிச் சாத்தனே அக்குழந்தையாகி வழியில் கிடக்கிறான். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் கோதமை என்னும் தாய், சுடுகாட்டில் அஞ்சி உயிர்விட்ட மகன் சார்ங்கலனைச் சுமந்து வந்து, என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைத் தா என்று சம்பாபதி என்னும் பெண்தெய்வத்திடம் மன்றாடுகிறாள். தெய்வம் மறுக்கிறது; தாய் விடுவதாயில்லை. அப்போது சம்பாபதி செய்யும் செயல் வியப்புக்குரியது. சக்கரவாளம் என்னும் பேரண்டத்துத் தேவர் அனைவரையும் அவள்முன் வரவழைத்து, போன உயிரை மீட்கும் ஆற்றல் இவர்களில் எவருக்கும் இல்லை என்று காட்டிவிடுகிறாள்.

சாத்தன் குழந்தையைத் திருப்பித் தந்தான், சம்பாபதி தரவில்லை. இரண்டும் மிகுபுனைவே. ‘டியூஸ்டே’ சம்பாபதியின் பக்கம் நிற்பது. தேவர் கூட்டம் வந்து நின்ற இடத்தில் அங்கே ஒற்றைக் கிளி வந்து நிற்கிறது.

எனவே மனத்துயரால் ஒருவர்க்கு மட்டும் காட்சி தோன்றும் கதையென்றால் உருவெளிப்பாடு என்றும், தோன்றியது உலகையே மாற்றும் கதையென்றால் மிகுபுனைவு என்றும் எழுதலாம். ஒரே ஃபேன்டசி என்ற சொல்லால் மறைந்துபோகும் வேறுபாடு இதனால் தெளிவாகத் தெரியும். மகள் இறந்தபின் அவளை எதிரே காணும் தாயைப் பற்றிய படம் வந்தால் அதற்கு முதற்சொல் பொருந்தும்; மகளைக் கொண்டுபோக வந்த சாவை விழுங்கிய தாயின் படத்துக்கு இரண்டாவது.