நியமனச் செய்தியை நம்பி மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம், "புது நீதிபதி வரட்டும், பிறகு மனுப் போடலாம்" என்று என் கட்சிக்காரர்களில் எவரேனும் சொல்லிவிடுகிறார். குடிவரவு வழக்கொன்றில் அப்படிக் காத்திருந்த ஒரு குடும்பம் மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்ட பிறகே என்னிடம் வந்தது. இனியும் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

அதிபர் தமக்கு வேண்டியவரை உட்கார வைப்பார், அவரும் அதிபர் சொன்னபடி தீர்ப்பெழுதுவார் என்றே பலரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையின் இரு பாதிகளும் பிழை. நீதிபதிக்கான தகுதி எதையும் அரசமைப்புச் சட்டம் வரையறுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதல் இல்லாமல் நியமனம் இல்லை. ஆகவே வெள்ளை மாளிகை வழக்கறிஞர்கள் பெயர்ப்பட்டியலை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் பழைய தீர்ப்புகளையும் உரைகளையும் வரிவரியாகப் படிக்கிறார்கள், எஃப்.பி.ஐ. பின்னணியை விசாரிக்கிறது, எஞ்சிய சிலரையே அதிபர் நேரில் சந்திக்கிறார். 2016இல் ஒபாமாவின் இறுதிச் சுற்று வரை வந்தவர், திருநெல்வேலிப் பக்கத்துத் தந்தைக்குப் பிறந்த ஸ்ரீ சீனிவாசன். ஒபாமா தேர்ந்தெடுத்ததோ, எதிர்க்கட்சியினரும் மதித்த 63 வயது மெரிக் கார்லண்டை. குடியரசுக் கட்சியின் கையிலிருந்த செனட் அவருக்கு விசாரணை அமர்வுகூட நடத்தவில்லை.

பதவியேற்றவரை நியமித்தவர் திரும்ப அழைக்க முடியாது; அது ஆயுட்காலப் பதவி. 1974இல் வாட்டர்கேட் ஊழல் வழக்கில் தமது உரையாடல் பதிவான ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு அதிபர் நிக்சனுக்கு எதிராக 8-0 என்று தீர்ப்பு வந்தபோது, அந்த எட்டுப் பேரில் மூவர் அவரே நியமித்தவர்கள். தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி பர்கரும் அவர்களுள் ஒருவர். 1990இல் பழமைவாதக் குடியரசுக் கட்சியின் அதிபர் மூத்த புஷ் நியமித்த சூட்டர், காலப்போக்கில் தாராளவாதிகளின் பக்கமே நின்றார். அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு வேட்பாளர்களை வடிகட்டுவது இன்னும் கடுமையானது. 2005இல் இளைய புஷ் முன்மொழிந்த ஹாரியட் மையர்ஸின் பெயர் திரும்பப் பெறப்பட்டதற்கு, அவருடைய சட்டப் பார்வையை அறியப் போதிய எழுத்துத் தடம் இல்லை என்ற சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பும் காரணம். இன்று நியமிக்கப்படுபவரின் சட்டப் பார்வையைப் பெருமளவு ஊகிக்கலாம். ஆனால் ஒத்த பார்வை வேறு, கீழ்ப்படிதல் வேறு.

உங்கள் மனு இருப்பதோ கீழ்மட்டத்தில். உச்ச நீதிமன்றம் தன்னிடம் வரும் ஆயிரக்கணக்கான மனுக்களில் ஆண்டுக்கு 60, 70 வழக்குகளைத்தான் விரிவாக விசாரிக்கிறது. உத்தரவு கைக்கு வந்த அன்றே கெடுவைக் குறித்துவையுங்கள். வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து எதையும் நிறுத்தாதீர்கள். வழக்கறிஞரைப் பார்க்க வரும்போது, தயவுசெய்து, உத்தரவோடு அது வந்த அஞ்சல் உறையையும் எடுத்து வாருங்கள். அனுப்பிய தேதியில் தகராறு வந்தால் அதிலுள்ள முத்திரையைத்தான் நாங்கள் காட்ட வேண்டியிருக்கும்.