டெல்ஃப்டில் தண்ணீரின் பின்னால் ஒரு நாள்

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ராட்டர்டாமிலிருந்து கால் மணி நேரம். டெல்ஃப்டில் இறங்கும் பயணிகள் பெரும்பாலும் நேரே சந்தைச் சதுக்கத்துக்குத்தான் நடக்கிறார்கள். நீலப் பீங்கான் கடைகள் எங்கும் ஓடிவிடாது. முதலில் 'அவுடே டெல்ஃப்ட்' கால்வாய்க் கரைக்குப் போங்கள். ஊரின் பெயரே 'தோண்டுதல்' என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. இங்கே முதலில் வந்தது கால்வாய். ஊர் அதன் பிறகு.

இந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் பீட் என்னும் சதுப்பு மண். செத்த செடிகள் நீருக்கடியில் காற்றுப்படாமல் மக்காது கிடந்து உருவானது அது. எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். பயிர் செய்வதற்காக மக்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். வடிந்த மண் சுருங்கியது. அதோடு நிற்கவில்லை. காற்று உள்ளே புகுந்ததும் நுண்ணுயிர்கள் அந்தச் செடி மிச்சங்களைத் தின்று கரியமில வாயுவாக மாற்றின. நிலம் காற்றோடு போயிற்று என்பது இங்கே வெறும் பேச்சல்ல. நிலம் தாழ, நீர் மறுபடி தேங்கியது, இன்னும் ஆழமாக வெட்டினார்கள், இன்னும் தாழ்ந்தது. கடைசியில், கடல் வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறந்தால் நீர் தானாக ஓடிவிடும் என்ற வசதியும் போயிற்று. அதன் பிறகு காற்றாலைகள் நீரை மேலே இறைத்தன. இன்று அந்த வேலையை பம்புகள் செய்கின்றன.

நீர் இரண்டு படிகளில் வெளியேறுகிறது. போல்டர் எனப்படும், கரை கட்டிய தாழ்நிலத்திலிருந்து முதலில் சற்று உயரமான கால்வாய் வலைப்பின்னலுக்கு ஏறுகிறது. இந்த வலைப்பின்னலுக்கு டச்சு மொழியில் 'பூசெம்' என்று பெயர். மார்பு என்று பொருள். அங்கே சிறிது தங்கி, பிறகு பெரிய பம்புகள் வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. நீங்கள் நிற்கும் நகரக் கால்வாயும் பூசெம்தான். அதன் மட்டத்தைக் கடல்மட்டத்துக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் கீழே பிடித்து வைத்திருக்கிறார்கள். கரைச் சுவரில் நம் ஏரிகளைப் போல் ஏறி இறங்கிய பெரிய தடம் தெரியாது.

பிடித்து வைப்பவர்கள் யார் என்று தெரிய வேண்டுமானால் அதே கரையில் 167ஆம் எண் கட்டடத்தைப் பாருங்கள். முகப்பு முழுக்க வண்ணக் குலச்சின்னங்கள். டெல்ஃப்லாந்து நீர் வாரியம் 1645 முதல் வைத்திருக்கும் மாளிகை இது. வாரியமோ அதைவிட மூத்தது. தன் தொடக்கத்தை 1289 என்று கணக்கிடுகிறது. தனித் தேர்தல், தனி வரி எல்லாம் அதற்கு உண்டு.

சில அடி தள்ளிப் பழைய தேவாலயம். அதன் 75 மீட்டர் கோபுரம் கிட்டத்தட்ட 2 மீட்டர் சாய்ந்திருக்கிறது. கோபுரத்துக்கு இடம் போதாமல் கால்வாயை நகர்த்தி, தூர்த்த படுகையின்மேல் ஒரு பகுதியைக் கட்டினார்கள். புது மண் அமுங்கியது. கட்டும்போதே சாய்வது தெரிந்து, மேல் அடுக்குகளை நிமிர்த்திக் கட்டிப் பார்த்தார்கள். உச்சியிலுள்ள நான்கு சிறு கோபுரங்கள் மட்டும் செங்குத்தாக நிற்பது அதனால்தான். 1570இல் வார்த்த, ஏறத்தாழ 9 டன் எடையுள்ள மணி ஒன்று உள்ளே இருக்கிறது. அதிர்வுக்கு அஞ்சி, மிகச் சில சமயங்களில் மட்டுமே அதை அடிக்கிறார்கள்.

நீரை எடுத்தால் மட்டுமல்ல, எடுப்பதை நிறுத்தினாலும் ஆபத்து உண்டு. நகரின் வடக்கே ஒரு ஈஸ்ட் தொழிற்சாலை ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக நிலத்தடி நீரை இறைத்து வந்தது. அதற்குத் தேவை குறைந்தபோது ஊர் கவலைப்பட்டது. திடீரென நிறுத்தினால் நீர்மட்டம் ஏறும், நிலமும் சற்று எழும்பும், வீடுகளில் ஈரம் புகும். ஆகவே இப்போது படிப்படியாகத்தான் குறைக்கிறார்கள்.

அதே தேவாலயத்தில் லீவன்ஹூக்கின் கல்லறை இருக்கிறது. துணி வியாபாரியாக இருந்த அவர், 1674இல் ஊருக்கு அருகிலிருந்த பெர்க்கெல் ஏரியின் நீரைத் தன் சிறு கண்ணாடிவில்லை வழியே பார்த்து, நெளியும் நுண்ணுயிர்களைக் கண்டார். அந்த ஏரியைத் தேடிப் போகாதீர்கள். பின்னாளில் அதையும் இறைத்து நிலமாக்கிவிட்டார்கள்.

மதியம் புதிய தேவாலயத்தின் 376 படிகளை ஏறுவது உங்கள் முழங்காலைப் பொறுத்தது. நான் சொல்வது, ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துத் தெற்கே ஸ்கீ ஆற்றின் கரையோடு போங்கள். ஊர் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் இறங்கி இரு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் சரக்குப் படகு போகும்; மறுபக்கம், அந்த நீர்மட்டத்துக்கும் கீழே மாடுகள் மேயும்.