ஸ்டென்ட்டா, பைபாஸா? 7,812 வரிகளில் ஒளிந்திருந்த பதில்

“அப்பாவுக்கு மூன்று ரத்தக்குழாயிலும் அடைப்பு, சர்க்கரையும் இருக்கிறது. ஸ்டென்ட் போதும் என்கிறார் ஒரு டாக்டர், பைபாஸ்தான் என்கிறார் இன்னொருவர். ஆராய்ச்சி என்ன சொல்கிறது?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

அடைப்பைப் பலூனால் விரித்துக் கம்பிவலை வைப்பது ஸ்டென்ட். அடைப்பைத் தாண்டி மாற்றுப்பாதை போடுவது பைபாஸ். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் சர்க்கரை நோயாளிகளைப் பற்றி ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர் மார்க் ஹ்லாட்கியின் குழு 10 ஆய்வுகளின் மூலக் கோப்புகளையே கேட்டு வாங்கியது. 7,812 நோயாளிகள், ஆளுக்கு ஒரு வரி: வயது, சர்க்கரை உண்டா, என்ன சிகிச்சை, எத்தனை நாள் உயிரோடு இருந்தார்.

சரி, எல்லா வரிகளையும் ஒரே குவியலாகக் கொட்டி எண்ணலாமா? கூடாது! ஒரு கற்பனைக் கணக்கு. முதல் ஆய்வில் எல்லாருக்கும் முற்றிய நோய்: பைபாஸில் 100க்கு 20 பேர் இறப்பு, ஸ்டென்ட்டில் 50க்கு 10. இரண்டாவதில் லேசான நோய்: பைபாஸில் 50க்கு 2, ஸ்டென்ட்டில் 100க்கு 4. இரண்டு ஆய்விலும் சிகிச்சைகள் சரிசமம். கூட்டிப் பாருங்கள்: பைபாஸில் 150க்கு 22, ஸ்டென்ட்டில் 150க்கு 14. இல்லாத வித்தியாசம் எங்கிருந்தோ முளைத்துவிட்டது! அதனால் ஒவ்வொரு ஆய்வுக்குள்ளும் தனியாக ஒப்பிட்டு, அந்த வித்தியாசங்களைத்தான் சேர்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

2009இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் இறப்பு பைபாஸில் 15 சதவீதம், மற்றதில் 16. ஏறக்குறைய ஒன்றுதான். சர்க்கரை நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தபோதோ, பைபாஸில் இறப்பு அபாயம் 30 சதவீதம் குறைவு. சராசரிக்குள் இத்தனை நாள் புதைந்து கிடந்த செய்தி! நோயாளிகள் உடம்பைக் கொடுத்து உருவான இந்தக் கோப்புகளைப் பூட்டி வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது என் கருத்து.

எதிர்ப்பும் வந்தது. அந்தப் பத்தில் 6 ஆய்வுகளில் கம்பிவலை வைக்காமல் பலூனால் விரித்தது மட்டும்தான், 4இல் மருந்து பூசாத பழைய ஸ்டென்ட். இன்றைக்கு இது பொருந்துமா என்றார்கள். நியாயமான கேள்விதான். 2012இல் ஃப்ரீடம் ஆய்வு பதில் தந்தது. 1,900 சர்க்கரை நோயாளிகள், மருந்து பூசிய ஸ்டென்ட். 5 ஆண்டில் இறப்பு ஸ்டென்ட்டில் 16.3 சதவீதம், பைபாஸில் 10.9. ஆனால் பக்கவாதம் பைபாஸில் 5.2, ஸ்டென்ட்டில் 2.4. அப்பாவின் வயதுக்கும் உடல்நிலைக்கும் இந்த இரண்டில் எது கனக்கும் என்று டாக்டரிடம் கேளுங்கள், அம்மா.