பலூன் ஊதினால் கஞ்சா தெரியுமா?

களுவாஞ்சிக்குடியில் முச்சக்கர வண்டி ஓட்டும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய மச்சான் டொரொன்டோவில் இருக்கிறார். அங்கே கடைக்குப் போய் வயதைக் காட்டிக் கஞ்சா வாங்கலாம் என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அவருடைய யோசனை தொழில்காரனுடைய யோசனை. "சேர், வாங்குவது சரி. வாங்கிப் புகைத்துவிட்டு வண்டி ஓட்டினால் அங்குள்ள பொலிஸ் எப்படிப் பிடிக்கும்? எங்களுக்குப் பலூன் தருவது போல அவனுக்கும் பலூன் தருவார்களா?"

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா கூடாதா என்று நம் நாட்டில் வருடக்கணக்கில் பேசுகிறார்கள். டொலர் வரும் என்கிறார் ஒருவர், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்கிறார் இன்னொருவர். இந்தத் தம்பி கேட்டதை அவர்களில் ஒருவராவது கேட்டு நான் காணவில்லை. ஆனால் கஞ்சாவை அனுமதித்த நாடுகளின் பொலிஸார் முட்டி மோதி நின்ற இடம் இதுதான்.

முதலில் பலூன், அதாவது குடித்துவிட்டு ஓட்டுபவரைப் பிடிக்கப் பொலிஸ் ஊதச் சொல்வது. பழைய பலூன் குழாய்க்குள் இருந்தது செம்மஞ்சள் நிறப் பொற்றாசியம் இருகுரோமேற்று. மூச்சில் அற்ககோல் இருந்தால் அது ஒட்சியேற்றம் அடைந்து அசற்றிக் அமிலமாகும், குரோமியம் பச்சையாகும். பாடசாலையில் படித்ததுதான். இப்போது கையடக்கக் கருவி எண்ணையே காட்டிவிடுகிறது. கருவி எதுவானாலும் அடிப்படை ஒன்றே: சாராயம் தண்ணீரின் சிநேகிதன். குடித்த அற்ககோல் உடலில் தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் ஒரே சீராகப் பரவுகிறது. வாவித் தண்ணீரில் உப்பைக் கரைத்தால் எந்த மூலையில் தொட்டு நக்கினாலும் கரிப்பது போலத்தான். குருதியில் எவ்வளவோ அதற்கேற்ப மூளையில், அதற்கேற்ப மூச்சில். ஏறத்தாழ 2100 மில்லிலீற்றர் மூச்சில் உள்ள அற்ககோல் 1 மில்லிலீற்றர் குருதியில் உள்ளதற்குச் சமம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஈரலும் ஒழுங்கான வேலைக்காரன். மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம், நேர்கோடு கீறினது போல, 100 மில்லிலீற்றர் குருதியிலிருந்து கழித்துக்கொண்டே போகும். எண்ணும் வெறியும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதால்தான் இலங்கைச் சட்டம் 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம் என்று ஒரு கோடு போட முடிந்தது. அந்தக் கோட்டுக்கு நீதிமன்றத்தில் பொருளும் இருக்கிறது.

கஞ்சாவின் போதைப் பொருளுக்கு டெட்ராஐதரோகனாபினோல் என்று பெயர். சுருக்கமாக டிஎச்சி என்போம். இதற்குத் தண்ணீர் என்றால் ஆகாது, எண்ணெய்தான் வீடு. மற்றக் கதையெல்லாம் இந்த ஒரு குணத்திலிருந்து வருகிறது.

எங்கள் அம்மம்மா மீன்கறிக்கென்று ஒரு மண்சட்டி வைத்திருந்தார். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். காய்ந்த பிறகு விரலால் தடவினால் ஒன்றும் ஒட்டாது, வெறும் மண். அதே சட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்தால், சூடு ஏற ஏறத் தண்ணீரின் மேல் சின்னச் சின்ன எண்ணெய்க் கண்கள் திறக்கும். போன கிழமைக் கறியின் எண்ணெய், அதற்கும் முந்தின கிழமையின் எண்ணெய். சட்டி அதை எறிந்துவிடவில்லை. தன் உடம்புக்குள் ஒளித்து வைத்திருந்தது.

டிஎச்சி நமக்குள் செய்வதும் இதையே. ஒருவர் புகையை இழுத்தவுடன் அது சுவாசப்பையிலிருந்து குருதிக்கு வருகிறது. பத்து நிமிடத்துக்குள் குருதியில் உச்சத்தைத் தொட்டுவிடும். அங்கிருந்து மளமளவென்று சரியும். இந்தச் சரிவைப் பார்த்து, ஈரல் அதை அழித்துவிட்டது, ஆள் தெளிந்துவிட்டான் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். குருதியில் குறைவது பெரும்பாலும் அழிந்ததால் அல்ல, ஒளிந்ததால். குருதி அதிகம் பாய்கிற, கொழுப்பும் நிறைந்த மூளை முதல் பங்கை வாங்கிக்கொள்கிறது. பிறகு மெதுவாக உடலின் கொழுப்புத் திசுக்கள் எஞ்சியதை இழுத்துக்கொள்கின்றன. ஆகவே குருதியில் எண் உச்சத்தில் இருக்கும் அந்த முதல் நிமிடங்களில் ஆள் இன்னும் முழுப் போதைக்கு வந்திருக்க மாட்டார். தலை கிறுகிறுத்து உச்சிக்கு ஏறும்போது குருதி எண் இறங்கத் தொடங்கியிருக்கும். அதன்பின் பல மணி நேரம் கையும் கண்ணும் பிந்திக்கொண்டே இருக்க, எண் தரையைத் தொட்டுவிடும். எண்ணைக் கிடை அச்சிலும் போதையை நிலை அச்சிலும் வைத்து வரைந்தால், சாராயத்துக்கு ஒரு நேர்கோட்டுக்குக் கிட்ட வரும். கஞ்சாவுக்கு வருவது ஒரு வளையம். ஒரே எண்ணுக்கு இரண்டு விதமான ஆள்: ஒருவர் ஏறிக்கொண்டிருக்கிறார், மற்றவர் இறங்கிக்கொண்டிருக்கிறார். முதன்முதல் இந்த வளையத்தின் படத்தைப் பார்த்த அன்று நான் சோற்றுக்குக் கூப்பிட்டும் எழும்பவில்லை.

மண்சட்டிக் கதையின் மறுபாதி இன்னும் வேடிக்கையானது. வருடக்கணக்கில் தினமும் புகைத்தவரின் கொழுப்பு, அம்மம்மாவின் சட்டியைப் போல ஊறிப்போயிருக்கும். அவர் விட்டுவிட்டாலும் கொழுப்பிலிருந்து டிஎச்சி துளித்துளியாகக் குருதிக்குக் கசியும். அப்படிப்பட்டவர்களை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, புகைக்க விடாமல் கண்காணித்து ஆராய்ந்தபோது, சிலருடைய குருதியில் ஒரு மாதம் வரைகூடச் சிறிதளவு டிஎச்சி இருந்தது. அவர்களுக்கு அப்போது போதை ஏது? ஆனால் கருவிக்கு அது தெரியாது.

இந்த நிலத்தில்தான் சட்டக்காரர்கள் கோடு போடப் போனார்கள். கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2012 இல் வாக்கெடுப்பு நடத்திக் கஞ்சாவை அனுமதித்தன. இரண்டும் தேர்ந்த எண், 1 மில்லிலீற்றர் குருதியில் 5 நனோகிராம். கனடா 2018 ஒக்டோபர் 17 இல் கதவைத் திறந்தது. அங்கே 2 நனோகிராமில் ஒரு குற்றம், 5 இல் அதைவிடப் பெரிய குற்றம். ஜேர்மனி 2024 இல் அனுமதித்தபோது, முழுக் குருதியில் அல்ல, குருதியின் தெளிந்த நீர்ப் பகுதியில் 3.5 என்றது. ஒரே மூளை, ஒரே மூலக்கூறு, நாட்டுக்கு நாடு வேறு எண். இத்தனை சின்ன எண்ணை அளப்பதும் விளையாட்டல்ல. நமது சாராய எல்லையை இதே அலகில் எழுதினால் மில்லிலீற்றருக்கு 800,000 நனோகிராம் வரும். 5 நனோகிராம் என்பது அதில் 160,000 இல் ஒரு பங்கு. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் வீதிப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016 இல் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது: இத்தகைய எல்லை எண்களுக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை. பொத்துவில் வீதியில் ஒருவரைப் பிடித்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், வைத்தியர் வரும்வரை வாங்கில் இருத்தி, ஊசி போட்டுக் குருதி எடுப்பதற்குள் எத்தனை மணி ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நேற்றுத்தான் முதன்முதல் புகைத்து மதிலில் இடித்தவன் தப்பிவிடுவான். முந்தாநாளோடு விட்ட பழைய புகைகாரன் மாட்டிக்கொள்வான்.

அப்படியானால் மூச்சு? டிஎச்சி அற்ககோலைப் போல ஆவியாகி வருவதில்லை. சுவாசப்பையின் ஈரத்திலிருந்து தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளிகளில் தொற்றிக்கொண்டு அணுப்பிரமாணமாக வெளியே வருகிறது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் இதை ஆராய்ந்து 2023 இல் வெளியிட்டது. அங்கே மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் மத்திய அரசின் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆகவே ஆய்வகத்துக்குள் கஞ்சாவைக் கொண்டுவர முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு வானை ஆய்வகமாக்கி, பங்குபற்றுபவரின் வீட்டு வாசலிலேயே நிறுத்தினார்கள். அவர் வானில் ஏறி ஊதுவார், இறங்கி வீட்டுக்குள் போய்ப் புகைப்பார், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து ஊதுவார். இவ்வளவு பாடுபட்டும், புகைப்பதற்கு முன் ஊதியதையும் பின் ஊதியதையும் எண்ணால் பிரிக்க முடியவில்லை. தம்பியின் கேள்விக்குப் பதில் அந்த வானுக்குள் இருக்கிறது: ஊத வைக்கலாம், ஊதினதை நம்ப முடியாது.

உமிழ்நீர்ச் சோதனை கொஞ்சம் உதவும். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2004 இலிருந்து வீதியில் வைத்துச் செய்கிறார்கள். ஆனால் வாயில் இருப்பது பெரும்பாலும் புகை படிந்த கறை. அண்மையில் புகைத்தாரா என்று சொல்லும், ஆள் தடுமாறுகிறாரா என்று சொல்லாது. மிஞ்சுவது பொலிஸாரின் கண். நேர்கோட்டில் நடக்கச் சொல்வது, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வது. கலிபோர்னியாவில் நடந்த ஒரு பரிசோதனை 2023 இல் வெளியானது. பயிற்சி பெற்ற அதிகாரிகள், யார் உண்மையான கஞ்சா புகைத்தார், யார் டிஎச்சி நீக்கிய போலிக் கஞ்சா புகைத்தார் என்று தெரியாமலே சோதித்தார்கள். உண்மையானதைப் புகைத்தவர்களில் 81 வீதமானோரைத் தடுமாறுகிறார்கள் என்றார்கள். போலியைப் புகைத்தவர்களில் 49 வீதமானோரையும் அப்படியே சொன்னார்கள். போலியைப் புகைத்தவர்கள் விடயத்தில் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் இதேதான் வந்திருக்கும். இப்படிக் கண்ணை நம்பும் இடத்தில் ஆளுடைய நிறமும் உடுப்பும் ஊரும் புகுந்துகொள்ளும் என்பது கிழக்கு மாகாணத்தில் சோதனைச் சாவடிகளைக் கண்டு வளர்ந்த நமக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் அனுமதித்த மாநிலங்களில் கைதுகள் வெகுவாகக் குறைந்தன. குறைந்த பிறகும், கறுப்பினத்தவர் கைதாகும் வீதம் வெள்ளையினத்தவருடையதைவிடக் கூடவே இருந்தது.

பொலிஸ் நாய்களின் பாடுதான் பரிதாபம். டிஎச்சிக்கு மணம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாய் பிடிப்பது செடியின் மற்ற ஆவிப் பொருட்களை. அவற்றில் ஒன்று நம் மிளகிலும் கராம்பிலும் இருக்கும் கரியோபிலீன். பழக்கிய நாய் கஞ்சாவுக்கும் கொக்கெயினுக்கும் ஒரே மாதிரித்தான் சைகை காட்டும், எது என்று சொல்லாது. கொலராடோவில் கிலோ என்ற நாய் ஒரு வண்டியைக் காட்டிக்கொடுத்தது. உள்ளே இருந்தது வேறு போதைப்பொருள். 2019 இல் மாநில உச்ச நீதிமன்றம், கஞ்சா வைத்திருப்பது உரிமையாக இருக்கும் இடத்தில் இந்த நாய் மோப்பம் பிடிப்பதே ஒரு சோதனையிடல்தான், அதற்கு முன்கூட்டியே தக்க காரணம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கற்றதை மறக்க வைக்க முடியாததால் சில பொலிஸ் பிரிவுகள் பழைய நாய்களை ஓய்வுக்கு அனுப்பி, கஞ்சாவே பழக்காத புது நாய்களை எடுத்தன.

இவ்வளவு காலம் உலகம் முழுக்கப் புழங்கிய செடியைப் பற்றி ஏன் இவ்வளவு பிந்தி அறிகிறோம்? காசும் அனுமதியும் கொடுக்காததால். டிஎச்சியின் அமைப்பை 1964 இல் வெளியிட்டவர்கள் இஸ்ரேலின் ரபாயெல் மெக்கூலமும் அவருடைய சகாவும். மெக்கூலம் பொலிஸ் களஞ்சியத்திலிருந்து 5 கிலோ கஞ்சாப் பிசினை வாங்கி, பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் இது என்ன மணம் என்று பார்த்தார்களாம். அமெரிக்க அரசிடம் ஆய்வுப் பணம் கேட்டபோது, இது எங்கள் நாட்டுப் பிரச்சினை இல்லை என்று கை விரித்ததையும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நம் மூளை தானாகவே சுரக்கும், மூளைக் கலத்தில் டிஎச்சி போய் ஒட்டும் அதே இடத்தில், அதாவது வாங்கியில், ஒட்டும் பொருளை 1992 இல் அவருடைய குழு கண்டுபிடித்து, அதற்கு ஆனந்தமைட் என்று பெயர் வைத்தது. நம்முடைய ஆனந்தம்தான். வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, மொனராகலைச் சேனைகளில் பிடுங்கி எரிக்க மூட்டை மூட்டையாகச் செடி இருக்கிறது. எரிப்பதற்கு முன் ஒரு கைப்பிடியை ஆய்வுக்குக் கொடுத்தால் குடி முழுகிவிடாது என்பது என் அபிப்பிராயம்.

இடையில் மதன மோதகத்தையும் சொல்லிவிட வேண்டும். பெட்டிக்கடையில் ஆயுர்வேதம் என்ற பெயரில் விற்று அவ்வப்போது பிடிபடும் அந்த உருண்டை, புகையைவிடப் பொல்லாதது. தின்ற டிஎச்சி முதலில் ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதை இன்னும் வீரியமான வேறொன்றாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது. இதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் ஆகலாம். ஒன்றும் செய்யவில்லையே என்று இரண்டாவது உருண்டையையும் வாயில் போடுகிறவர்தான் பிறகு வைத்தியசாலைக்கு வருகிறார். கனடாவிலும் அமெரிக்காவிலும் கஞ்சா கலந்த இனிப்புகள் கடைக்கு வந்தபின் அதைத் தெரியாமல் தின்ற சின்னப் பிள்ளைகள் அவசர சிகிச்சைக்கு வருவது கூடியது. அனுமதித்த நாடுகளில் வீதி விபத்து கூடியதா என்பதில் ஆய்வுகள் ஒரு வாயாகப் பேசவில்லை. பிள்ளைகள் விடயத்தில் பேசுகின்றன.

தம்பி கடைசியாக ஒன்று கேட்டார், குரலைத் தாழ்த்தி. தேசிக்காய்த் தண்ணீர் குடித்தால் சோதனையில் சிக்காது என்று அவருடைய நண்பர்கள் சொல்கிறார்களாம். மோர் என்கிறார்களாம் சிலர். அம்மம்மாவின் சட்டியில் புளி போட்டுத் தேய்த்ததைச் சொன்னேன். கொழுப்புக்குள் ஊறியதைப் புளிப்பு தொடாது. "அப்போ விடியற்காலையில் கல்லடிக் கடற்கரையில் நன்றாக ஓடி வியர்த்தால்?"

அதையும் பார்த்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் வழக்கமாகப் புகைப்பவர்களை 35 நிமிடம் ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளை மிதிக்க வைத்துக் குருதியை எடுத்தார்கள். மிதிக்க மிதிக்கக் கொழுப்பு எரிந்தது, அதற்குள் கிடந்த டிஎச்சி வெளியே வந்தது, குருதியில் எண் சற்று ஏறியது.