டாரோ: சொல்லும் அதில் ஏறிய எகிப்தும்

சீட்டு விரித்துக் குறி சொல்பவர்களின் விளம்பரங்களில் டாரட், டேரட், டாரோட் எனப் பல விதமாக அச்சாகிற இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக உலகைச் சுற்றியது. பிரெஞ்சில் அதன் கடைசி எழுத்து ஒலிப்பதில்லை. ஆகவே தமிழில் 'டாரோ' என்பதே மூல ஒலிக்கு நெருக்கம். 78 சீட்டுகள் கொண்ட கட்டுக்கு அது பெயர். அவற்றில் 56 நாம் ஆடும் சீட்டுக்கு உறவானவை. நான்கு இனம், இனத்துக்கு 14. மிச்சம் 22 படச்சீட்டுகள். தேர், சக்கரம், விண்மீன், மரணம், பேதை என்று குறி சொல்பவர்கள் பெரிதாகப் பேசுவது இவற்றைத்தான்.

இந்த 22 சீட்டுகளிலும் பழைய எகிப்தின் ஞானம் ஒளிந்திருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். நம்பிக்கையின் பிறப்பிடம் எகிப்து அல்ல, பாரீஸ். ஆண்டு 1781. அந்தோவான் கூர் டி ஜெபலின் என்ற பிரெஞ்சு அறிஞர், 'ஆதி உலகம்' என்ற தம் பெருநூலின் எட்டாம் தொகுதியில், இச்சீட்டுக்கட்டு எகிப்தியக் குருமார் விட்டுச்சென்ற தோத் கடவுளின் நூல் என்று எழுதினார். ஒரு சீமாட்டி வீட்டில் சிலர் சீட்டாடுவதைப் பார்த்து, கால் மணி நேரத்துக்குள் இதைக் கண்டுபிடித்ததாக அவரே சொல்கிறார். சொல்லுக்கும் வேர் கொடுத்தார்: 'தார்' என்றால் வழி, 'ரோ' என்றால் அரசன், டாரோ என்றால் வாழ்வின் ராஜபாட்டை.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எகிப்திய எழுத்தை வாசிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல் கிடைத்தது 1799-இல். பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் அந்த எழுத்தின் பூட்டைத் திறந்தது 1822-இல். 1781-இல் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் எவரும் பூமியில் இல்லை. வாசிக்கத் தெரிந்தபின் பார்த்தால் பழைய எகிப்திய மொழியில் அரசனுக்கு 'நெசு', வழிக்கு 'வாத்'. எகிப்திய மொழியின் பிற்கால வடிவமான காப்டிக்கில் அரசனை 'ஊரோ' என்பார்கள். ஜெபலினின் 'ரோ'வுக்கு வேண்டுமானால் அந்த நிழலைத் துணையாகத் தரலாம். அதற்கு மேல் ஒன்றும் தேறாது.

உண்மையான வரலாறு வட இத்தாலியில் இருக்கிறது. 1440-களில் ஃப்ளாரன்ஸ், ஃபெராரா ஏடுகளில் இச்சீட்டுகள் 'திரியோன்ஃபி' என்ற பெயரில் வருகின்றன. வெற்றி, வெற்றி உலா என்று பொருள். மற்றச் சீட்டுகளை வெல்லும் சீட்டுகள் என்பதால் அந்தப் பெயர். 'தரோக்கி' என்ற பெயர் 1500-களின் தொடக்கத்தில்தான் தலைகாட்டுகிறது. பிரெஞ்சுக்குப் போய் டாரோ ஆனது. தரோக்கியின் வேர் எது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை.

எகிப்துக்கும் சீட்டுக்கும் தொடர்பே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது பழங்கால அரசர்களான பாரோக்களின் எகிப்து அல்ல, இடைக்காலத்தில் ஆண்ட மம்லூக் சுல்தான்களின் எகிப்து. 14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சீட்டு போய்ச் சேர்ந்தது அந்த வழியில்தான். இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் மம்லூக் சீட்டுக்கட்டு ஒன்று இருக்கிறது. கிண்ணம், காசு, வாள், போலோ மட்டை என்று நான்கு இனம். போலோ அறியாத ஐரோப்பியர் கையில் மட்டை வெறும் தடியாயிற்று; இன்றைய டாரோவிலும் தடிதான். அந்தக் கட்டில் அரசனுக்கு அடுத்த சீட்டு 'நாயிப்', அதாவது துணையதிகாரி. ஸ்பானிய மொழியில் சீட்டைக் குறிக்கும் 'நைப்பே' இதிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. நமக்குத் தெரிந்த ஆற்காட்டு நவாபும் இதே அரபுச் சொல்லின் பன்மைதான்.

இனி படங்களுக்கு வருவோம். விண்மீன் சீட்டில் ஒரு பெண் இரு குடங்களிலிருந்து நீர் ஊற்றுகிறாள். ஜெபலின் அந்த மீனை சிரியஸ் என்றார், பெண்ணை எகிப்தியத் தேவி ஐசிஸ் என்றார், நீரை நைல் வெள்ளம் என்றார். சிரியஸ் விடியலில் மறுபடி தெரியும் நாளை ஒட்டி நைல் பெருகியது என்பதும், அந்த மீனை ஐசிஸோடு இணைத்து வணங்கினார்கள் என்பதும் பழைய எகிப்தைப் பற்றிய மெய்யான செய்திகள். இத்தாலிய ஓவியன் அதை மனத்தில் வைத்து வரைந்தான் என்பதற்குச் சான்றில்லை. ஆனாலும் வாசிப்பு பொருந்துகிறது. தீர்ப்புச் சீட்டு அப்படியல்ல. தேவதூதன் எக்காளம் ஊத, இறந்தவர்கள் கல்லறையிலிருந்து எழுகிறார்கள். பச்சையான கிறித்தவக் காட்சி. ஜெபலின் சளைக்கவில்லை. கல்லறைகளை எடுத்துவிட்டால் இது படைப்பின் காட்சி என்றார்! எதை வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்றால் எந்தப் படமும் எகிப்துதான்.

நீதிச் சீட்டில் உள்ள தராசைப் பார்த்ததும் எகிப்தில் உண்மைக்கும் நீதிக்கும் உரிய மாஅத் தேவியின் இறகு நினைவுக்கு வரும். இறந்தவனின் இதயம் ஒரு தட்டில், இறகு மறு தட்டில்; அனுபிஸ் கடவுள் நிறுக்க, தோத் எழுத, தோற்ற இதயத்தை விழுங்க அம்மித் என்ற கொடிய விலங்கு காத்திருக்கும். சீட்டிலுள்ள பெண்ணோ வாளேந்திய ஐரோப்பிய நீதித் தேவதை. அவள் நீதி உயிரோடு இருப்பவர்களுக்கு. மாஅத்தைக் கொண்டு இதை விளக்கினால் பொருள் ஆழப்படும், மறுக்கவில்லை. விளக்குகிறவர் அதை மூலம் என்று சொல்லாதவரை சரி.

விதிச் சக்கரத்தின் கதை வேறு. 15-ஆம் நூற்றாண்டின் மிலான் கட்டில் அது கண் கட்டிய அதிர்ஷ்ட தேவி ஃபோர்ச்சூனா சுழற்றும் சக்கரம். மேலே இருப்பவன் கீழே வருவான், அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டில் எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சு மறைஞானி அதில் மனிதத்தலைச் சிங்கமான ஸ்ஃபிங்ஸையும், நரித்தலைத் தெய்வம் ஹெர்மானுபிஸையும், டைஃபோனையும் கண்டார். டைஃபோன் என்பது எகிப்தின் சேத் கடவுளுக்குக் கிரேக்கர் இட்ட பெயர். தேரின் குதிரைகளையும் அவர் ஸ்ஃபிங்ஸ் ஆக்கினார். 1909-இல் லண்டனில் வெளியான ரைடர் கட்டில் ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித் இவற்றை வரைந்தார். வேடிக்கை என்னவென்றால், அக்கட்டை வடிவமைத்த வெயிட் என்ற மறைஞானி, எகிப்திய மூலக் கதையை ஏற்காதவர். இன்று கடையில் வாங்கும் கட்டில் எகிப்து உண்மையிலேயே இருக்கிறது. ஜெபலினுக்குப் பிறகு வந்து குடியேறிய எகிப்து.

தமிழில் என்ன சொல்லலாம்? 'குறிச்சீட்டு' என்ற சொல் காதுக்கு இனிமை. கிளி ஜோசியக்காரரின் சாமிப்பட அட்டைகளையும் அணைத்துக்கொள்ளும். எனக்கு அதில் ஒரு தயக்கம்: டாரோ பிறந்தது ஆட்டத்துக்கு, பிரான்ஸிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் ஆடுகிறார்கள். குறி கேட்கும் பயன்பாட்டுக்கு மட்டும் 'குறிச்சீட்டு' என்றும், கட்டுக்கு 'டாரோ சீட்டு' என்றும் வைத்துக்கொள்ளலாம். அந்த 22 சீட்டுகளுக்கோ சொல் ஏற்கெனவே நம்மிடம் உண்டு. அரசியல் கட்டுரைகளில் தேய்ந்துபோன 'துருப்புச் சீட்டு', ஐரோப்பியக் கப்பல் ஏறி வந்தது. எந்த மொழி இறக்கியிருந்தாலும் அது திரியோன்ஃபியின் குடும்பம்தான். இவற்றுக்கு இன்று வழங்கும் 'மேஜர் அர்க்கானா' என்பது 19-ஆம் நூற்றாண்டில் ஒட்டிய பெயர். பெருமறை என்று பெயர்ப்பதைவிடத் துருப்பு என்பதே எனக்குப் பிடிக்கிறது. இரண்டாம் சீட்டை மட்டும் யோசித்துப் பெயர்க்க வேண்டும். பழைய கட்டுகளில் அவள் பெண் போப்பாண்டவர். தலைமைப் பூசாரிணி ஆக்கியது ஜெபலின். எந்தக் கட்டைப் பற்றி எழுதுகிறோமோ அதற்குரிய பெயரை இடுவதே முறை.