சொல்லாமல் சொன்னதை எப்படித் திரும்பப் பெறுகிறோம்?

"என் கட்டுரையைப் படிச்சியா?"

"முதல் பக்கம் படிச்சேன்."

கேட்டவர் முகம் வாடிவிடும். மீதியைப் படிக்கவில்லை என்று புரிந்துவிட்டது. ஆனால் பதிலில் 'படிக்கவில்லை' என்ற சொல்லே இல்லையே, அது எங்கிருந்து வந்தது?

தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1967-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இதை விளக்கினார். எதிராளி தேவையான அளவு சொல்வார் என்று நம்பித்தான் பேசுகிறோம். முழுசும் படித்திருந்தால் அப்படியே சொல்லியிருப்பார். சொல்லவில்லை, ஆகவே படிக்கவில்லை. இந்தக் கணக்கைப் போடுவது கேட்பவர்தான்.

இப்படிக் கிடைக்கும் குறிப்புப் பொருளைத் திரும்பப் பெறலாம். "முதல் பக்கம் படிச்சேன், ஏன், முழுசுமே படிச்சுட்டேன்" என்றால் எங்கும் இடிக்காது. "முதல் பக்கம் படிச்சேன், ஆனா முதல் பக்கம் படிக்கலை" என்று சொல்லிப் பாருங்கள். நேராகச் சொன்னதை அப்படி அழிக்க முடியாது.

சொல்லிலேயே ஒட்டிக்கொண்டு வரும் குறிப்பும் உண்டு. "ரவியும் வந்தான்" என்றால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள். "ரவியும் வந்தான், வேற யாரும் வரலை" என்றால் காதில் உறுத்துகிறது. கணக்குப் போட்டு வந்த பொருள் அல்ல இது. அந்தச் சின்ன 'உம்' கையோடு கொண்டுவந்தது. எனக்குத் தமிழில் மிகவும் பிடித்த இடம் இது.

கணக்குப் போடுவது வயதோடு வளர்கிறது. "சில ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நீண்ட கழுத்து உண்டு" போன்ற வாக்கியங்களைக் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் கொடுத்துப் பார்த்தார் உளவியல் ஆய்வாளர் ஐரா நோவெக். 2001-இல் வெளியான அந்த ஆய்வில், குழந்தைகளில் பெரும்பாலோர் சரி என்றார்கள். எல்லாவற்றுக்கும் இருந்தால் சிலவற்றுக்கும் இருக்கத்தானே செய்யும், தர்க்கப்படி அது சரிதான். பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 'சில' என்றால் 'எல்லாம் இல்லை' என்று எடுத்துக்கொண்டு, தவறு என்றார்கள்.

அப்புறம், திரும்பப் பெறும் நேரமும் முக்கியம். அதே மூச்சில் திருத்தினால் அது விளக்கம். நாலு நாள் கழித்து, எதிராளி அதை நம்பி ஏதோ செய்த பிறகு, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றால்? சொல்லளவில் உண்மைதான். ஆனால் கேட்பவர் என்ன கணக்குப் போடுவார் என்று தெரிந்தேதான் அந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்திருந்தால், பழியைக் கேட்டவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமே இல்லை.

சந்தேகம் வந்தால் அப்போதே கேட்டுவிடலாம்: "சரி, மீதியையும் படிச்சியா?" இதற்கு "இல்லை" என்று சொல்லிவிட்டால், பிறகு அதைச் சொல்லவே இல்லை என்று மறுக்க முடியாது.