இணைநோய்: ‘கோமார்பிடிட்டி’க்கு எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும்?

காய்ச்சல், இருமல் என்று போனால் மருத்துவர் தொண்டையைப் பார்ப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா?” இப்போது வந்திருக்கும் நோயோடு ஏற்கெனவே உடலில் இருக்கும் வேறு நோய்தான் கோமார்பிடிட்டி. மருத்துவ நூல்கள் அப்படி நீட்டி முழக்குவதை இந்த நாலு வார்த்தை சொல்லிவிடுகிறது. கொரோனா பரவிய நாட்களில் ‘இணைநோய்’ என்ற சொல் செய்திகளில் நாள்தோறும் அடிபட்டு, எல்லோருக்கும் பழகிப்போனது. அது எங்கிருந்து வந்தது, சரியான சொல்தானா என்று பார்க்கலாம்.

லத்தீனில் ‘மோர்புஸ்’ என்றால் நோய். அதன் முன்னால் நிற்கும் ‘கோ’ நம் ‘உடன்’ போன்றது. இரண்டு வேர்களும் பழையவை என்றாலும் சொல் புதிது. ஆல்வன் ஃபைன்ஸ்டீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1970இல் எழுதிய கட்டுரையில்தான் அதை அறிமுகப்படுத்தினார். ஒரே புற்றுநோய், ஒரே கட்டம், ஒரே சிகிச்சை. ஆனாலும் ஒருவர் பிழைக்கிறார், இன்னொருவர் இறக்கிறார். இரண்டாமவருக்கு ஏற்கெனவே இருந்த இதயநோயைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பழி சிகிச்சையின் மேல் விழும். இந்தக் கணக்குப் பிழையைத் தடுக்கத்தான் அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. பிறகு 1987இல் மேரி சார்ல்சன் குழுவினர் 19 நோய்நிலைகளுக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண் கொடுத்து ஒரு குறியீட்டெண்ணை உருவாக்கினார்கள். பழைய மாரடைப்புக்கு 1, உடலில் பரவிவிட்ட புற்றுநோய்க்கு 6. கூட்டுத்தொகை ஏற ஏற, ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பும் ஏறும்.

இணைநோயையும் சிக்கலையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வைரஸ் நுரையீரலைத் தாக்கி நிமோனியா வந்தால் அது அந்த நோயின் விளைவு, அதாவது சிக்கல். பத்து வருடமாக இருக்கும் சர்க்கரைநோய்தான் இணைநோய்.

சரி, தமிழுக்கு வருவோம். உடன்நோய், துணைநோய், கூட்டுநோய், இணைநோய் என்று நான்கைச் சொல்லலாம். மூலத்துக்கு மிக நெருக்கமானது உடன்நோய். ஆனால் இலக்கணப்படி புணர்த்தி ‘உடனோய்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. துணைநோய் எனக்குப் பிடித்த சொல். உள்ளே நுழைந்த வைரஸுக்குப் பழைய நோய் துணைபோகிறது என்ற படம் அதில் கிடைக்கிறது. ஆனால் துணை என்றால் இரண்டாம்பட்சம் என்ற நிழலும் கூடவே வருகிறது. துணைத்தலைவர் தலைவருக்கு அடுத்தவர்தானே? சிறுநீரகச் செயலிழப்பை அப்படித் தள்ளிவைக்க முடியாது. கூட்டுநோய் என்றால் பல நோய்கள் கலந்து ஒன்றானதுபோல் தொனிக்கிறது. ‘இணை’ இந்த வம்புகளில் சிக்காமல், பக்கத்தில் நிற்பதை மட்டும் சொல்கிறது. மக்கள் வாயிலும் ஏறிவிட்டது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பெருந்தொற்றில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று சொல்ல இந்தச் சொல் மட்டும் போதாது. கொரோனாவில் உயிரிழப்பை எல்லாவற்றையும் விட அதிகம் தீர்மானித்தது வயது. வயது நோயா என்ன? நெஞ்சுக்கூட்டில் இருக்கும் தைமஸ் சுரப்பி வயது ஏற ஏறச் சுருங்குவதால், புதிய கிருமியை அடையாளம் காணும் டி அணுக்களின் வரவு குறைகிறது. கர்ப்பமும் நோயல்ல. வளரும் கரு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது, நோய் எதிர்ப்பு முறையும் மாறுகிறது. ஃபைன்ஸ்டீன் கர்ப்பத்தையும் தன் சொல்லுக்குள் அடக்கிக்கொண்டார். அவருக்கு ‘மோர்புஸ்’ இடித்ததோ இல்லையோ, ‘நோய்’ என்று பச்சையாகச் சொல்லும் தமிழில் அது இடிக்கிறது.

ஆபத்துப் பட்டியலும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 1918 இன்ஃபுளுவென்சா 20 முதல் 40 வயதுக்காரர்களை வழக்கத்துக்கு மாறாகக் கொன்று குவித்தது. 2009 பன்றிக்காய்ச்சலில் முதியவர்கள் ஒப்பீட்டளவில் தப்பினார்கள். அதை ஒத்த பழைய வைரஸ்களை அவர்கள் இளமையிலேயே சந்தித்திருந்ததுதான் காரணம். கர்ப்பிணிகள் மட்டும் இரண்டிலும் தப்பவில்லை.

இவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்ல உலகம் ‘வல்னரபிள்’ என்கிறது. ‘வல்னஸ்’ என்றால் லத்தீனில் காயம். காயப்படக்கூடியவர் என்பது அடிப்பொருள். இதற்குத் தமிழில் வேர் தேடினால் ‘ஊறு’ கிடைக்கிறது. ஊறு என்றால் தீங்கு, காயம். சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்று ஐம்புலன்களை எண்ணும்போது அதே சொல் தொடுவுணர்வையும் குறிக்கும். தொட்டால் ஒட்டும் நோய்க்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் இல்லை. ஆனாலும் ‘ஊறுபடத்தக்கோர்’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால் ஊறுகாய் பற்றியது என்று நினைத்துவிடுவார்கள்.

நடப்பில் இருப்பது ‘எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள்’. நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், பொருள்தான் வழுக்குகிறது. எளிதில் தொற்றும் என்கிறதா, தொற்றினால் கடுமையாகும் என்கிறதா? புதிய வைரஸ் என்றால் அதற்கான எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் யாரிடமும் இருக்காது, எவரையும் தொற்றும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கும் வைரஸ் தொற்றிய பிறகுதான் ஆபத்து பெரிதாகிறது. அதனால் ‘நோய் கடுமையாகும் இடர் உள்ளவர்கள்’ என்று எழுதுவது என் வழக்கம். பேச்சில் வேண்டுமானால் ‘வந்தா தாங்க மாட்டாங்க’. அதில் எந்தக் குழப்பமும் இல்லை.